கால் நின்ற இடம்

பேசாலைப் பெனடிக்ற்றின் வலது கால் நசிந்துபோனதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நசிந்த நேரத்தில் அது எங்கே நின்றது என்பதுதான் வழக்கு.

பெனடிக்ற் தலைமன்னார்ப் பியர் என்ற இறங்குதுறையில் மூட்டை சுமக்கிறவன். அக்கரையிலிருந்து வரும் கப்பல்களின் அரிசியையும் வெங்காயத்தையும் இறக்கும் பொறுப்பை ஒரு கொம்பனி எடுத்திருந்தது. கப்பலுக்கும் பியருக்கும் நடுவே கொம்பனி ஒரு பலகை போட்டிருந்தது. வெறுங்கையோடு அதில் ஏறிப்போய், முதுகில் மூட்டையோடு திரும்பி வரவேண்டும். அன்றைக்குத் தென்மேற்குச் சோளகக் காற்று பலமாக வீசியது. ஒரு பெரிய அலை கப்பலை அசைத்தபோது பலகை வழுக்கியது. வெறுங்கையோடு ஏறிப்போன பெனடிக்ற்றின் வலது கால் பலகையை விட்டு இடைவெளிக்குள் இறங்கியது. விலகிப்போன கப்பல் திரும்பி வந்து பியரின் மரக்கட்டைகளில் மோதியது. கால் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

கப்பலிலிருந்து எதிரே வந்த சிங்கராசா தன் மூட்டையைக் கடலில் போட்டுவிட்டுப் பாய்ந்து அவனைப் பியருக்கு இழுத்தான். இருவரும் ஒரே ஊர். ஒரே நாளில் இந்த வேலைக்கு வந்தவர்கள். பெனடிக்ற்றுக்கு அப்போதே நினைவு தப்பிவிட்டது. சத்தம் கேட்டுக் கொம்பனியின் மேற்பார்வைத் துரை தன் கந்தோர் மேசையிலிருந்து எழுந்து ஓடிவந்தார். வந்தவர் பெனடிக்ற்றைத் தாண்டிப்போய், கடலுக்குள் எட்டிப் பார்த்து, விழுந்தது அரிசியா வெங்காயமா என்று விசாரித்தார். அரிசி என்றார்கள். துரையின் முகம் வாடியது. அவர் இளகிய மனம் உள்ளவர்.

கொம்பனியின் டொக்டர் காலை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெட்டி எடுத்தார். காய்ச்சல் விட்டு பெனடிக்ற் கண்விழித்த நாளில் அவர் கட்டிலருகே வந்து நின்று, தன் வேலைத்திறனைத் தானே கொஞ்சநேரம் பார்த்தார். அவனுடைய மனைவி மாக்கிறட் பக்கத்தில் நின்றாள்.

“உன்னுடைய முழங்காலை நான் காப்பாற்றிவிட்டேன்” என்றார் டொக்டர். “சட்டத்தின் அட்டவணைப்படி முழங்காலுக்கு மேலே போனால் பெரிய நட்டஈடு, கீழே போனால் சின்னது. அவசரப்படுகிற டொக்டர் என்றால் மேலே வெட்டியிருப்பான். கொம்பனி என்னை வைத்திருப்பது சும்மா இல்லை.”

அவர் சொன்னதில் காப்பாற்றினேன் என்ற சொல் மட்டும்தான் மாக்கிறட்டுக்கு விளங்கியது. அடுத்த நாள் ஒரு பார்சல் பாரைக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள். டொக்டர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

நட்டஈடு என்ற சொல்லைப் பெனடிக்ற் கேட்டது அதுதான் முதல் தடவை. வேலையிடத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு வேலை கொடுத்தவர் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்ற சட்டம் கொழும்பில் நிறைவேறி இரண்டு வருடமாகியிருந்தது. அது தலைமன்னாருக்கும் வந்துசேர்ந்திருந்தது. ஆனால் மேற்பார்வைத் துரையின் அலுமாரிக்குள் இருந்தது. ஊன்றுகோலில் நடக்கப் பழகியதும் பெனடிக்ற் முதல் வேலையாக அந்தக் கந்தோருக்குப் போனான்.

துரை அவனை உட்காரச் சொல்லவில்லை. கதிரைகள் சட்டத்தில் இல்லை. ஆனால் புத்தகத்தை எடுத்து, விரித்து, அவனுக்கு விளங்கும் தமிழில் பொறுமையாகவே சொன்னார்.

“இந்தச் சட்டம் தொழிலாளியைக் காப்பாற்றுகிறது. தொழிலாளி எங்கே இருந்தான்? பியரில். உன்னுடைய உடம்பு பியரின் பக்கம்தான் இருந்தது. அதற்கு நானே சாட்சி சொல்லுவேன். அந்த உடம்புக்கு ஒன்றும் நடக்கவில்லையே. கால்தான் வெளியே போயிருக்கிறது. அதைக் கொம்பனி அனுப்பவில்லை.”

கால் தன்னோடுதான் வந்தது என்றான் பெனடிக்ற். துரை புன்னகை செய்தார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றார். பிறகு அவனைக் கப்பல் ஏஜன்டிடம் அனுப்பினார்.

கப்பல் ஏஜன்ட் இன்னும் நல்லவர். குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கப்பலில் கால் வைத்த எந்த மனிதனையும் கப்பல் கைவிடாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். ஆனால் பெனடிக்ற் கால் வைக்கவில்லை. வைக்கப் போனான், அவ்வளவுதான். இன்னும் ஒரு சாண் தூரம் அந்தக் கால் முயற்சி செய்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பி, இனிமேல் கவனமாக இருக்கும்படி புத்தியும் சொன்னார்.

பியரிலும் இல்லை, கப்பலிலும் இல்லை என்றால் கால் கடலில் இருந்திருக்கவேண்டும் என்று பட்டினத்தில் ஒரு கந்தோரில் யாரோ சொன்னார்கள். அந்தக் கந்தோரின் பெரியவர் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று, கடல் மாட்சிமை தங்கிய மன்னருக்குச் சொந்தமானது என்றும், மன்னர் பெனடிக்ற்றை ஒருபோதும் வேலைக்கு வைத்ததில்லை என்றும் சொன்னார். மன்னரைப் பற்றிப் பேசியதால் அவர் எழுந்து நின்றார். பேசி முடிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு மாக்கிறட்தான் அவனை அரசாங்கத்துக்குப் பெற்றிசம் எழுதுகிற சரிபுதீனிடம் கூட்டிப்போனாள். எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற, எருக்கலம்பிட்டிக்காரரான சரிபுதீன் பட்டினத்தில் ஒரு மரத்தடியில் மேசை போட்டு, ஊராருக்கு அரசாங்கத்தோடு பேச வேண்டியதையெல்லாம் இங்கிலீசில் எழுதிக் கொடுப்பவர். பெனடிக்ற் சொன்னதைக் கேட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மூன்று கந்தோரிலும் நடந்ததைக் கேட்டு முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சட்டத்தில விஷயம் ஒரு வரிதான் தம்பி” என்றார். “வேலை செய்யேக்க, அந்த வேலையால காயம் வந்தா, வேலை குடுத்தவன் நட்டஈடு குடுக்கவேணும். மிச்சப் பக்கமெல்லாம் குடுக்காம விடுறதுக்கு வழி.”

“அப்ப எனக்குக் கிடைக்குமோ நானா?”

“உமக்கு ஒரு வரி இருக்குது. அவையளுக்கு ஒரு புத்தகம் இருக்குது. எழுதிப் பாப்பம்.”

பெற்றிசம் கொழும்புக்குப் போனது. வந்து பார்த்து விசாரிப்பதாகப் பதில் வந்தது. பிறகு நெடுநாள் ஒன்றும் வரவில்லை. மாக்கிறட் கருவாட்டு வாடியில் மீன் பிளக்கும் வேலைக்குப் போனாள். உப்பில் அவளுடைய விரல்கள் வெடித்தன. விசாரணைக்கு ஒரு துரை வந்தால் மடுக் கோயிலுக்கு நடந்தே வருவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். துரை வந்தார். மாதா தன் பங்கைச் செய்தார் என்றுதான் சொல்லவேண்டும். மிச்சம் மாதாவின் கையில் இருக்கவில்லை.

விசாரணைத் துரை நீதியில் மிகவும் கண்டிப்பானவர். கால் எங்கே நின்றது என்பதைக் கடிதங்களில் படித்து முடிவுசெய்ய அவருடைய மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. சம்பவம் நடந்த இடத்தில், நடந்தபடியே, தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். முதல் தடவை வந்தபோது கடல் அசையாமல் கிடந்தது. காற்று ஆஜராகவில்லை என்று விசாரணையை ஒத்திவைத்தார். இரண்டாம் தடவை காற்று வந்திருந்தது, கப்பல் வரவில்லை. மறுபடியும் ஒத்திவைத்தார். அந்த இரண்டு தடவையும் பெனடிக்ற் பேசாலையிலிருந்து மாட்டுவண்டியில் வந்து, பியரின் வெயிலில் ஒற்றைக்காலில் நின்று, திரும்பிப் போனான்.

மூன்றாம் தடவை எல்லாம் ஒழுங்காக அமைந்தன. சோளகம் பலமாக வீசியது. கப்பல் பியரில் கட்டியிருந்தது. விசாரணைத் துரைக்குப் பந்தல் போட்டு, மேசையும் கதிரையும் மைக்கூடும் வைத்திருந்தார்கள். கொம்பனிக்காக வாதாடக் கொழும்பிலிருந்து ஓர் அப்புக்காத்து வந்திருந்தார். பெனடிக்ற்றின் பக்கம் பேசவும் மொழிபெயர்க்கவும் சரிபுதீன் நின்றார். மூட்டை சுமப்பவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கும்படி மேற்பார்வைத் துரை உத்தரவு போட்டிருந்தார். சட்டத்தை அவர்கள் நேரில் பார்ப்பது நல்லது என்பது அவருடைய எண்ணம். அந்த நேரத்துக்கு அவர்களுக்குக் கூலி கிடையாது.

அப்புக்காத்து எழுந்தார். கறுப்பு அங்கிக்குள் வியர்வை ஓட, அவர் மனித நடையைப் பற்றிப் பேசினார்.

“கனம் துரை அவர்களே, மனிதன் நடக்கும்போது ஒரு காலை ஊன்றி மற்றக் காலைத் தூக்குகிறான். ஊன்றிய கால் வேலை செய்கிறது. அதைக் கொம்பனி மறுக்கவில்லை. தூக்கிய கால் அந்த நேரத்தில் யாருடைய சொத்தையும் தொடவில்லை. யாருடைய பாரத்தையும் சுமக்கவில்லை. அது ஓய்வில் இருக்கிறது. இந்த மனிதனின் இடது கால் கொம்பனியின் ஊழியத்தில் இருந்தது. அந்தக் கால் சுகமாக இருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். ஓய்வில் இருந்த காலுக்கு நடந்ததற்குக் கொம்பனி எப்படிப் பொறுப்பாகும்?”

சரிபுதீன் இதைத் தமிழில் சொன்னபோது கூட்டத்தில் ஒருவன் தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தான். விசாரணைத் துரை சிரிக்கவில்லை. இது ஆழமான வாதம் என்று எழுதிக்கொண்டார். அப்படியானால் கால் எந்த இடத்தில் ஓய்வில் இருந்தது என்று அளந்தாகவேண்டும் என்றார். பெனடிக்ற்றைப் பலகையில் ஏறி, வலது காலை அன்று நின்ற இடத்தில் வைக்கும்படி பணித்தார்.

சரிபுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனுதாரருக்கு இப்போது அந்தக் கால் இல்லை என்பதைப் பணிவோடு ஞாபகப்படுத்தினார். அப்புக்காத்து உடனே எழுந்து, தடயத்தை விசாரணைக்கு முன்பே அப்புறப்படுத்தியது மனுதாரரின் தவறு என்று ஆட்சேபித்தார். துரை யோசித்தார். அதே உயரத்தில் வேறு ஒரு கால் இருந்தால் போதும் என்று பெருந்தன்மையாகத் தீர்ப்பளித்தார். சுமப்பவர்களின் கங்காணி கூட்டத்தை ஒருதடவை பார்த்துவிட்டுச் சிங்கராசாவின் தோளைத் தொட்டான்.

மாட்டேன் என்றால் நாளைக்கு வேலை இல்லை என்பது சிங்கராசாவுக்குத் தெரியும். ஆனால் அவன் அதற்காக மட்டும் போகவில்லை. பெனடிக்ற்றுக்குப் பக்கத்தால் நடந்து போகும்போது, “அளந்தாத்தான் உனக்குக் கிடைக்குமெண்டா அளக்கட்டும் மச்சான்” என்று மெல்லச் சொன்னான்.

அவன் பலகையில் குந்தி, வலது காலை இடைவெளிக்குள் இறக்கினான். கப்பல் அசைய அவனும் காலை இழுத்தான். கால் அசைந்தால் அளவு பிழைக்கும் என்றார் அப்புக்காத்து. நியாயம் என்றார் துரை. கணுக்காலில் ஒரு கயிறு போட்டுப் பலகையோடு கட்டினார்கள். துரையோடு வந்த ஒரு பியோன் பியரின் விளிம்பில் கவிழ்ந்து படுத்து, அளவு நாடாவைப் பிடித்தான். அவன் சொன்ன அளவைத் துரை எழுதினார். பிறகு, அளந்தது விளிம்பிலிருந்தா மரக்கட்டையிலிருந்தா என்று கேட்டார். பியோனுக்குத் தெரியவில்லை. திரும்பவும் அளக்கச் சொன்னார்.

பெனடிக்ற் கடலையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு வத்தைப் படகு ஒரேயடியாக மேலே எழும்பி, பிறகு மறைந்துபோனது. அன்றைக்கும் இப்படி ஒன்று வந்தது. பெரிய அலை வருகுது, அவனை எடுக்கச் சொல்லுங்கோ என்றான். சரிபுதீன் பதற்றத்தோடு அதை மொழிபெயர்த்தார்.

விசாரணைத் துரை தலையை நிமிர்த்தவில்லை. கேட்டால் மட்டும் மனுதாரர் பேசவேண்டும் என்றார். கடல் இந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர் அல்ல என்றும் சொன்னார்.

சிங்கராசா கயிற்றைத் தானே அவிழ்க்கக் குனிந்தான். கங்காணி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டான். துரை இன்னும் எழுதி முடிக்கவில்லை. கப்பல் பியரை விட்டு மெல்ல விலகத் தொடங்கியது. அது விலகும் தூரத்தைப் பார்த்தே திரும்பி வரும் வேகத்தைப் பியரில் நிற்கிற எவனும் சொல்லிவிடுவான். கூட்டம் முழுவதற்கும் அது தெரிந்தது.

“நானா, நான் பொய் சொன்னனான்” என்றான் பெனடிக்ற்.

சரிபுதீன் திகைத்துப்போய் அவனைப் பார்த்தார்.

“என்ர கால் அங்க இருக்கேல்ல. கப்பலால முறியேல்ல. வீட்டில விழுந்து முறிச்சனான். சொல்லுங்கோ நானா, கெதியாச் சொல்லுங்கோ.”

சரிபுதீனுக்கு விளங்கிவிட்டது. தன் வாழ்நாளில் பேசிய அத்தனை இங்கிலீசையும் விட வேகமாக அதைச் சொன்னார். விசாரணைத் துரையின் பேனா நின்றது. கால் அங்கே இருக்கவில்லையென்றால் அந்த இடத்தை அளப்பதில் பயனில்லை. அவர் கையை அசைத்தார். பியோன் முடிச்சை இழுத்தான். சிங்கராசா காலைத் தூக்கிக்கொண்டு பியரில் உருண்டான்.

கப்பல் வந்து மோதியது. பலகை துள்ளிப் பியரில் விழுந்தது. அந்த அதிர்ச்சியில் துரையின் மைக்கூடு சரிந்துவிட்டது. அதை நிமிர்த்தி, மேசையைத் துடைப்பதற்காக விசாரணை சிறிது நேரம் நிறுத்தப்பட்டது.

மை துடைக்கப்பட்டதும் துரை எழுந்து நின்று பேசினார். அவருடைய குரல் தழுதழுத்தது.

“எத்தனையோ மாதம் கடிதங்களுக்குள் மறைந்திருந்த உண்மை, ஒரு சாதாரண அளவு நாடாவைக் கண்டவுடன் வெளியே வந்துவிட்டது. ஒருவரும் இந்த மனிதனை அடிக்கவில்லை, பயமுறுத்தவில்லை. சட்டத்தின் முன்னால் நின்றான், அவனுடைய மனச்சாட்சி பேசியது. ஏழையும் உண்மை பேசக்கூடிய நிலைமையை நாங்கள் இந்த நாட்டில் உண்டாக்கியிருக்கிறோம். நான் ஓய்வுபெற்று ஊருக்குப் போனபிறகும் இந்த நாளை மறக்கமாட்டேன்.”

அப்புக்காத்து கைதட்டினார். மேற்பார்வைத் துரையும் தட்டினார். அவர் திரும்பிப் பார்த்ததால் கங்காணியும் தட்டினான். பொய் மனுக் கொடுத்ததற்காகப் பெனடிக்ற்றைச் சிறைக்கு அனுப்பலாம் என்றாலும், ஊனமுற்றவன் என்ற இரக்கத்தால் மன்னித்திருப்பதாகத் துரை அறிவித்தார். ஊனம் எப்படி வந்தது என்பது அவருக்கு இனித் தேவையில்லாத கேள்வி. எல்லாரும் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

சரிபுதீன் பந்தலுக்குள் போகவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, பெனடிக்ற்றின் கையைப் பிடித்து வண்டிவரை கூட்டிவந்தார். “இண்டைக்கு என்ர வாயால போனதை நான் எங்க போய்க் கழுவுறது?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் மாக்கிறட் முழுவதையும் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. சிங்கராசாவின் கால் சுகமா என்று கேட்டாள். சுகம் என்றான். குசினிக்குள் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்.”

அவன் கொப்பளித்தான். அது போதவில்லை. வேலியடியில் குனிந்து வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தான். மாக்கிறட் அவனுடைய முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த கிழமை கப்பல் வந்தபோது, குற்றமற்றது என்று நிரூபிக்கப்பட்ட அதே பலகையைப் போட்டார்கள். சிங்கராசா அதில்தான் ஏறினான். வேறு பலகையும் இல்லை, வேறு வேலையும் இல்லை. பெனடிக்ற் அதைக் கேள்விப்பட்டு ஒருநாள் முழுவதும் வீட்டுக்குள் சும்மா இருந்து பார்த்தான். முடியவில்லை. மறுநாள் வண்டி பிடித்துப் பியருக்குப் போய், கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்துகொண்டான். வெளியே கடல் எழும்புவதைக் கண்டால் நில்லுங்கோ என்று கத்துவான். பலகையில் இருப்பவர்கள் அப்படியே கப்பலிலோ பியரிலோ ஒதுங்கி, அலை கடந்ததும் நடப்பார்கள். அன்று முதல் அவன் தினமும் வந்தான். சுமப்பவர்கள் தங்கள் சோற்றில் அவனுக்கும் ஒரு பங்கு வைத்தார்கள்.

மேற்பார்வைத் துரை முதலில் அவனைத் துரத்தச் சொன்னார். சோளகக் காலம் முடிவதற்குள் ஒரு மூட்டைகூடக் கடலில் விழவில்லை என்பதைக் கவனித்த பிறகு, துரத்த வேண்டாம் என்றார். அந்த வருடக் கடைசியில் கொம்பனியின் காப்புறுதி விஷயமாக ஒரு கனவான் கொழும்பிலிருந்து பியரைப் பார்க்க வந்தார். குற்றியில் உட்கார்ந்திருக்கும் ஒற்றைக்கால் மனிதன் யார் என்று கேட்டார். துரை அவரைப் பெனடிக்ற்றின் முன்னாலேயே கூட்டிவந்து காட்டினார். வந்தவருக்கும் தமிழ் விளங்கும் என்பதாலும், சுமப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்பதாலும் தமிழிலேயே சொன்னார்.

“இது தொழிலாளரின் பாதுகாப்புக்காகக் கொம்பனி செய்திருக்கும் ஏற்பாடு. வேறு எந்தப் பியரிலும் இப்படி ஒன்று கிடையாது. இதில் விசேஷம் என்னவென்றால், நாங்கள் இவனை வேலைக்கு வைக்கவில்லை. சம்பளம் இல்லை. அதனால் இவன் இங்கேயிருந்து கடலில் விழுந்தாலும், கப்பலுக்கு நடுவில் அகப்பட்டாலும், எந்தச் சட்டமும் எங்களைக் கேட்க முடியாது.”

கனவான் மெச்சிக்கொண்டார். இதைக் கொழும்பிலும் சொல்லப்போவதாகச் சொன்னார்.

பெனடிக்ற் இருவருடைய சப்பாத்துகளையும் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி, காறிக் கடலுக்குள் துப்பினான். பலகையில் அப்போது சிங்கராசா வந்துகொண்டிருந்தான். வெளியே கடல் எழும்பியது.

“வருகுது. நில்லுங்கோ” என்று பெனடிக்ற் கத்தினான்.